இரு வேலையும் ஓர் உடலும்

நமது சங்கத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நடைபெறும் தன்ம வகுப்பில், சென்ற மழைக்காலத்தில், மனத்தை மறைக்கும் ஐந்து தடைகளைப் பற்றிய பாடம் நடந்து வந்தது. ஆசை, பகை, சோம்பல், அலைக்கழிவு, ஐயம் என்னும் ஐந்தனுள் மூன்றாவதற்கு வந்தபோது, கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் நம் கண்ணில் பட்டார். பாடத்திற்கு எடுத்துக்காட்டுத் தானே வந்து அமர்ந்துவிட்டது என்னும் நினைப்பில் அவரைப் பெயர் சொல்லி எழுப்பி, பாலியில் இதற்குத் தீனமித்தம் என்று பெயர், நேரிற் காணுங்கள் என்று சபையோருக்குக் காட்டினோம். சிலர் சிரித்தனர். அவர் எழுந்து நின்று, “மன்னிக்க வேண்டும் ஐயா. நேற்று விடியலில் எழுந்தவன், இன்னும் படுக்கவில்லை” என்றார்.

வகுப்பு முடிந்தபின் விசாரித்தோம். பெங்களூரில் புதிதாக எழும்பும் கட்டடங்களில் டைல்ஸ் பதிப்பது அவருடைய பகல் வேலை. வாரத்தில் மூன்று இரவு, மாலை ஏழு முதல் காலை ஏழு வரை, ஓர் அடுக்குமாடி வீட்டு வாயிலில் காவல். அன்று சனிக்கிழமை இரவுக் காவலை முடித்து, விடிந்ததும் ரயிலேறி, வீட்டிற்குச் சென்றால் படுத்துவிடுவோம், வகுப்புத் தவறிவிடும் என்று அஞ்சி, நிலையத்திலிருந்து நேரே சங்கத்திற்கு வந்திருக்கின்றார். அவரைத்தான் நாம் சோம்பலுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தினோம். அன்றே மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இக்கட்டுரை அக்கடனின் மற்றொரு தவணை.

பகவானிடத்தில் இத்தகைய பிழை நேர்ந்ததில்லை. ஆளவி நகரில் நிகழ்ந்ததாகத் தன்மபதத்தின் பழைய உரை ஒரு செய்தி கூறுகின்றது. பகவான் வந்திருக்கின்றார் எனக் கேள்வியுற்ற ஏழை உழவர் ஒருவர், அறங்கேட்கப் புறப்படும் வேளையில் தம் எருது காணாமற்போனதை அறிந்தார். அதனைத் தேடிப் பிடித்து மந்தையிற் சேர்த்துவிட்டு, உண்ணாமலும் ஓயாமலும் அப்படியே சபைக்கு வந்து சேர்ந்தார். அதுவரை பேசாமல் காத்திருந்த பகவான், அவர் வந்தவுடனேயும் பேசத் தொடங்கவில்லை. மீந்த உணவு உண்டா எனக் கேட்டு, அவரை அமரவைத்து உண்ணச் செய்து, அதன் பின்னரே உபதேசித்தார். பிக்குகள் சிலர் இதனை வியப்பாகப் பேசிக்கொண்டபோது, பசியால் வாடுகின்றவனுக்குச் சொல்லும் அறம் அவன் மனத்தில் ஏறாது என்று காரணம் காட்டினார். பசிக்குச் சொன்ன அக்காரணம் உறக்கமின்மைக்கும் பொருந்துவதே. போதிய அளவு உறங்கி எழுந்த உடலில் மனம் எழ மறுப்பது சோம்பல். உறங்காத உடல் சாய்வது உடலின் இயற்கை. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாமல் ஐந்து தடைகளைப் பற்றிப் பேசுதல் வீண்.

இனி, தங்கவயலில் ஒருவரே இரு வேலை பார்க்கும் நிலை எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், எங்கள் நாளில் ஒரு ஷிப்டே ஆளை விழுங்கிவிடும், இரண்டாம் வேலைக்கு உடம்பு ஏது என்பார்கள். உண்மைதான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்கங்கள் நாளடைவில் சாம்பியன் ரீஃபில் 10,000 அடிக்கும் கீழே இறங்கின. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினாலன்றி அங்கு மனிதன் நிற்க இயலாது. பாறை தானே வெடித்துச் சிதறும் அபாயம் வேறு. இவற்றைவிட மெல்ல வந்தது கல்தூசி. 1940 முதல் 1946 வரை இங்குள்ள தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருந்தது. இந்நாட்டில் அந்நோயை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்த தொடக்க ஆய்வுகளில் அஃது ஒன்று. ஆகவே ஒரே வேலையில் இருந்த நாளிலும் உடல் தேய்ந்தே வந்தது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு சங்கு இருந்தது. சங்கு ஊதினால் ஷிப்டு முடிந்தது. மேலே வந்தவர் லைன் வீட்டிற்கு நடந்தே போய்ச் சேரலாம். நோயென்றால் கம்பெனி மருத்துவமனை உண்டு.

1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டன. அவ்வேளையில் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவர்களை நம்பியிருந்த கடைக்காரர், தையற்காரர், வண்டிக்காரர் ஆகியோரைக் கணக்கிட்டவர் எவருமில்லை. பெமல் தொழிற்சாலையில் இடம் பெற்ற சிலர் நீங்கலாக, மற்றவர்க்கு எஞ்சிய வழி 1894இல் சுரங்கத்திற்கென்றே போட்ட இருப்புப் பாதை ஒன்றுதான். யந்திரங்களை ஏற்றி வந்த அவ்வழியே மனிதரை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் இருள் பிரியுமுன் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்கும் கூட்டத்தை அறியாதார் நம்முள் யார்?

அக்கூட்டத்தில் ஒருவருடைய நாளை எடுத்து மணிக்கணக்குப் பார்ப்போம். வாசகர் ஒவ்வொருவரும் தம் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காலை நாலரைக்கு வீட்டை விட்டுப் புறப்படுகின்றார். பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ரயில் இரண்டு மணி, இரண்டரை மணி நேரம் எடுக்கும். இறங்கியபின் பஸ். எட்டரைக்கு வேலை தொடங்கி ஐந்தரைக்கு முடிகின்றது. மறுபடியும் பஸ், மறுபடியும் ரயில். வீட்டு வாயிலை மிதிக்கும்போது இரவு ஒன்பது. ஆக 16 மணி 30 நிமிடம் வெளியே கழிந்தது. கூலி கிடைத்ததோ 9 மணி நேரத்திற்கு மட்டும். மிஞ்சிய ஏழரை மணியில் குளியலும் உணவும் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தையும் ஒன்றரை மணி நேரமாயின், உறக்கத்திற்கு ஆறு மணி. இஃது ஒரே வேலை உடையவரின் கணக்கு என்பதை மறக்கலாகாது. வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத நித்திரை வேண்டும் என்று வைத்தியர் சொல்வதை ஒப்பிட்டால், இரண்டாம் வேலை தொடங்குமுன்பே நாளொன்றுக்கு ஒரு மணி கடன் விழுந்துவிட்டது.

இவர் இரவில் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டிபன் கடையில் இரண்டரை மணி நேரம் பாத்திரம் கழுவுவதாக வைத்துக்கொண்டால், உறக்கம் மூன்றரை மணியாகிவிடும். நம் இளைஞர் செய்வது வேறு வழி. இரவுக் காவல் உள்ள நாட்களில் அவர் ஊர் திரும்புவதேயில்லை. காவற்காரர் இதனை டபுள் டூட்டி என்பர். பகல் வேலை வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 9 மணி, ஆக 54. இரவுக் காவல் மூன்று, ஒவ்வொன்றும் 12 மணி, ஆக 36. கூட்டினால் வாரத்திற்கு 90 மணி. இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவரே திகைத்தார். ஏனெனில் பகல் வேலைக்காரர் குறிப்பேட்டில் 54 என்றிருக்கும், காவல் ஏஜென்சியின் பதிவேட்டில் 36 என்றிருக்கும். தொண்ணூறு என்று எழுதிய ஏடு எங்கும் இல்லை. அந்த எண்ணை அறிந்தது அவருடைய உடல் ஒன்றே.

அவ்வுடலுக்கு என்ன நேர்கின்றது?

உலகச் சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்திற்கு 35 முதல் 40 மணி வரை உழைப்பவரோடு ஒப்பிட, 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்க்கு மூளை இரத்தக் குழாய் வெடித்தோ அடைத்தோ வரும் பக்கவாதத்தின் அபாயம் நூற்றுக்கு 35 பங்கு மிகுதி என்றும், இருதய இரத்தக் குழாய் அடைப்பால் மரிக்கும் அபாயம் 17 பங்கு மிகுதி என்றும் அதில் கண்டனர். 2016ஆம் ஓராண்டில் மட்டும் இவ்வாறு நெடுநேர உழைப்பால் மாண்டோர் உலகில் 7,45,000 பேர் என மதிப்பிட்டனர். காரணம் இரண்டு வழியில் செல்கின்றது. ஓய்வின்றி விழிப்பிலேயே இருக்கும் உடல், அபாயத்தை எதிர்நோக்கி நிற்கும் சேவகனைப்போல் எந்நேரமும் விறைத்திருக்கின்றது. இரத்த அழுத்தம் இரவில் இயல்பாகத் தாழவேண்டிய அளவு தாழ்வதில்லை. இஃது ஒன்று. விழித்திருப்பதற்காக மனிதன் புகையிலையையும் பாக்குப் பொட்டலத்தையும் ஓயாத தேநீரையும், பின்னர் உறங்குவதற்காக மதுவையும் நாடுகின்றான். நேரத்திற்கு உண்பதில்லை, நோய்க்கு வைத்தியரிடம் போக நேரமில்லை. இஃது இரண்டாவது. ஐந்தாம் சீலத்தை விட்டுவிட்ட சில சகோதரர்களை நாம் கடிந்து பேசுகின்றோம். அவர்கள் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகின்றார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கடிவது நன்று.

இரவு விழிப்பு தனியே ஒரு கேடு. நமது உடலின் உள்ளே ஒரு கடிகாரம் உண்டு. அது சூரிய வெளிச்சத்தைக் கொண்டு சரிசெய்துகொள்வது. எப்போது வெப்பம் குறையவேண்டும், எப்போது ஜீரண உறுப்புகள் ஓயவேண்டும் என்பதை அதுவே நடத்துகின்றது. இரவில் விழித்து, நள்ளிரவில் உண்டு, வாரத்தில் மூன்று நாள் ஒருவிதமும் நான்கு நாள் வேறுவிதமும் இருந்தால் கடிகாரம் எதனையும் பின்பற்ற இயலாமல் தடுமாறுகின்றது. வயிற்றுப் புண், சர்க்கரை வியாதி, இருதய நோய் ஆகியவை இரவு வேலைக்காரரிடம் கூடுதலாகக் காணப்படுவது இதனாலேயே. இரவு மாறிமாறி வேலை செய்வது புற்றுநோய்க்குக் காரணமாதல் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மறுபடியும் ஆராய்ந்து அதனையே உறுதிசெய்தது.

நோய் வருமுன்பே விபத்து வந்துவிடுகின்றது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கையும் கண்ணும், இரத்தத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு சாராயம் கலந்தவனுடையவை போலத் தடுமாறும் என்பது சோதனையில் தெளிந்த செய்தி. நாம் மேலே பார்த்த கணக்கில், நாலரைக்கு வீட்டைவிட்டவர் இரவு ஒன்பதரைக்குக் கடையில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை நகர்த்தும்போது அந்தப் பதினேழு மணியை அடைந்துவிட்டார். துளி மதுவும் தொடாத உபாசகர், குடித்தவர் போல் நிற்கின்றார். அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, மிகைநேர வேலை உள்ளவர்க்குக் காயம் நேரும் வேகம் இல்லாதவரைவிட நூற்றுக்கு 61 பங்கு மிகுதி என்றது. நாளுக்கு 12 மணியும் அதற்கு மேலும் உழைத்தால் 37 பங்கும், வாரத்திற்கு 60 மணியும் அதற்கு மேலும் உழைத்தால் 23 பங்கும் மிகுதி என்றது. சாரத்தின்மேல் நிற்பவர், மின்சார ரம்பம் பிடிப்பவர், நெரிசலில் ரயில் கதவோரம் கம்பியைப் பிடித்துத் தொங்குபவர் ஆகியோர் இவ்வெண்களைத் தம் கை கால்களோடு சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

தூசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் ஊருக்கு அதைவிட நெருங்கியது வேறில்லை. தூசி, இரைச்சல், நச்சுப்புகை ஆகியவற்றுக்கு இந்த அளவுக்கு மேல் கூடாது என்று நிபுணர் எல்லை குறிக்கின்றபோது, நாளுக்கு எட்டு மணி நேரம் அவற்றினிடையே இருந்து, பின்னர் வெளியேறி நல்ல காற்றில் பதினாறு மணி நேரம் இருப்பவரையே மனத்திற்கொண்டு குறிக்கின்றனர். அப்பதினாறு மணியில் காது ஆறுகின்றது, மூச்சுக்குழாய் தன்னுள் வந்த தூசியைச் சளியோடு மேலே தள்ளுகின்றது. இரண்டாம் வேலையும் தூசியுள்ள வேலையாயின் அந்த எல்லைக்குப் பொருளேயில்லை. ஓரிடத்தில் எல்லைக்குள், மற்றோரிடத்தில் எல்லைக்குள், இரண்டும் சேர்ந்த நுரையீரலில் எல்லைக்கு வெளியே. கருங்கல்லையும் கான்கிரீட்டையும் டைல்ஸையும் தண்ணீர் விடாமல் உலர அறுக்கும்போது பறப்பது, சுரங்கத்தில் பறந்த அதே சிலிக்காத் தூசிதான். அது நுரையீரலில் தங்கிவிட்டால், வேலையை விட்டபின்னும் நோய் வளர்வதுண்டு. காசநோய்க்கும் அது கதவைத் திறந்துவிடும்.

அவ்விளைஞரின் தந்தையார் சுரங்கத்தில் உழைத்தவர். இன்று பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகின்றார். அவருக்கு மருந்து வாங்கவே மகன் இரவுக் காவலை ஏற்றார். பகலில் அவர் கையில் இருப்பது டைல்ஸ் அறுக்கும் யந்திரம். தண்ணீர் விட்டு அறுக்கின்றீரா என்று கேட்டோம். தண்ணீர் விட்டால் வேலை மெதுவாகும், மேஸ்திரி ஏசுவார் என்றார்.

பெண்மக்களின் கணக்கை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கமாக இருக்கின்றது. கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போகும் சகோதரியும், நகரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சகோதரியும், ரயிலுக்கு முன் சமைத்தவர்கள், ரயிலுக்குப் பின்னும் சமைப்பவர்கள். நாலு வீடு என்பது நாலு எஜமானர் என்றே பொருள். ஒரு வீட்டில் விடுமுறை கிடைத்தால் மற்ற மூன்றில் கிடைப்பதில்லை. இடுப்பு வலியும் இரத்தக் குறைவும் இவர்களிடம் மிகுந்திருப்பதை நம் மாதர் கூட்டத்திற்கு வருவோரைப் பார்த்தே அறியலாம். இரண்டு வேலை பார்க்கும் ஆடவர் வீடு திரும்பினால் தட்டில் சோறு இருக்கின்றது. அந்தத் தட்டை வைப்பவர் பார்ப்பது மூன்றாம் வேலை. அதற்குக் கூலியும் இல்லை, சங்கும் இல்லை.

இதற்குச் சட்டம் ஒன்றும் செய்யவில்லையா எனில், ஓரளவு செய்தது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்தார். அக்காலத்தின் முடிவில், 1946இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தை 48 ஆக்கியது. எட்டு மணி வேலையைப் பற்றி மேடையில் பேசுவோர் பலர். ஆறு மணி நேரத்தைச் சட்டத்தாளில் குறைத்துக் காட்டிய அத்துறைக்குத் தலைமை வகித்தவர் இவர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவரை அதே நாளில் மற்றொரு தொழிற்சாலையில் வேலை செய்ய விடலாகாது என்றது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமோ இன்னும் தெளிவாக, முந்திய 12 மணி நேரத்திற்குள் வேறொரு சுரங்கத்தில் வேலை செய்தவரை இங்கே இறக்கக்கூடாது என்று விதித்தது. சுரங்கங்கள் அடுத்தடுத்து இருந்த நம் ஊருக்கு இவ்விதியின் பொருள் எளிதில் விளங்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இப்பழைய சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டன. அவற்றிலும் தொழிற்சாலைக்கும் சுரங்கத்திற்கும் இத்தகைய பன்னிரண்டு மணித் தடை இருக்கின்றது.

ஆனால் குறை எங்கே என்று பாருங்கள். சுரங்கத்திலிருந்து சுரங்கத்திற்கும், ஆலையிலிருந்து ஆலைக்கும் போகின்றவரைத்தான் இவ்விதிகள் கருதின. கட்டட வேலையிலிருந்து காவலுக்கும், தையல் யந்திரத்திலிருந்து டிபன் கடைக்கும் போகின்றவரைத் தடுப்பார் எவருமில்லை. தடுப்பதும் முழுத் தீர்வாகாது. இரண்டாம் வேலையைத் தடைசெய்துவிட்டு முதல் வேலையின் கூலியை அப்படியே விட்டால் அடுப்பு அணையும். இதில் ஜப்பான் தேசத்தார் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. அத்தேசத்தில் அளவிறந்த உழைப்பால் நேரும் மரணத்திற்குக் கரோஷி என்று தனிச் சொல்லே ஏற்பட்டுவிட்டது. அதனைத் தடுக்க 2014இல் சட்டம் இயற்றினர். 2020 செப்டம்பர் முதல், இரண்டு இடங்களில் வேலை செய்பவர் நோயுற்றால், இரண்டு இடத்து நேரத்தையும் பாரத்தையும் கூட்டியே அது வேலையால் வந்ததா என்று தீர்மானிக்கவேண்டும், இழப்பீட்டையும் இரண்டு கூலியையும் கூட்டியே கணக்கிடவேண்டும் என்று திருத்தினர். அங்கே தொண்ணூறு என்று எழுதும் ஏடு ஒன்று பிறந்துவிட்டது. நம் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டியவற்றுள் இதனை முதலில் வைப்போம்.

சிங்காலனுக்குப் பகவான் உரைத்த இல்லற அறத்தில், எஜமானர் தம் ஏவலாளரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை ஐந்தாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. அவரவர் பலத்திற்கேற்ற வேலை தருதல் முதலாவது. உணவும் கூலியும் தருதல், நோயில் பேணுதல், நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல் ஆகியவை மற்றவை. எஜமானர் ஒருவராக இருந்தால் இவ்வைந்தையும் அவரிடம் கேட்கலாம். இருவராயின் நிலைமை விசித்திரமாகின்றது. பகல் எஜமானர் காலையில் வரும் ஆளைப் பார்த்துப் பலத்தை மதிக்கின்றார். இரவு எஜமானரும் மாலையில் வரும் அவரைப் பார்த்து, அப்போதுதான் விடிந்தது போலப் பலத்தை மதிக்கின்றார். நோயில் பேணும் முறை வரும்போது, மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருவரும் சொல்லிவிடலாம். முதலாவதும் மூன்றாவதும் இவ்வாறு இருவருக்கும் நடுவே விழுந்து போகின்றன.

வேலையை விட்டுவிடுங்கள் என்று இக்கட்டுரையில் எங்கும் சொல்லவில்லை. மருந்துக் கடையும் வாரத் தவணைக்காரரும் வாயிலில் நிற்கும்போது அவ்வாறு சொல்ல நமக்கு யோக்கியதையும் இல்லை. எனினும் இரண்டு வேலை பார்த்தே தீரவேண்டியவர் சிலவற்றைச் செய்துகொள்ளலாம். பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, இரண்டு வேலையின் மணிகளையும் ரயில் நேரத்தையும் வாரந்தோறும் எழுதிக் கூட்டுங்கள். வேலை மணி மட்டும் 55ஐத் தாண்டும் வாரங்கள் எத்தனை என்று பாருங்கள். தாண்டுவது மாதத்தில் ஒரு வாரமா, நான்குமா என்பதில் பெரும் வேறுபாடு உண்டு. அக்குறிப்பேடு பிற்காலத்தில் சாட்சியாகவும் உதவும். சிலிகோசிஸ் சட்டத்தில் தொழில்நோயாக ஏற்கப்பட்டது. ஆயினும் எங்கே, எத்தனை நாள், என்ன வேலை என்று காட்டமுடியாதவர் இழப்பீடு பெறுவது அரிது. நம் பெரியவர்களில் எத்தனை பேர் காகிதமின்றி நின்றார்கள் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலால் இரண்டு இடத்து அடையாள அட்டை, கூலிச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு வேலையில் ஒன்றையாவது தூசியில்லாததாகத் தேர்ந்துகொள்ளுங்கள். அறுக்கும் இடத்தில் தண்ணீர் கேட்டுப் பெறுங்கள். நால்வர் சேர்ந்து கேட்டால் மேஸ்திரியின் ஏச்சு குறையும். முகத்தில் கட்டிய கைக்குட்டை நுண்ணிய கல்தூசியைத் தடுக்காது. இரவுக் காவல் முடித்தவர் உடனே சாரத்தில் ஏறலாகாது. அரைமணி நேரமேனும் எங்காவது தலைசாய்த்த பின் ஏறுவது உயிருக்குக் காப்பு. ரயிலில் அமர இடம் கிடைத்தால் பேச்சை விட்டு உறங்குவதே மேல். சீட்டாட்டக்காரர் நம்மை மன்னிக்கவும். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். நெஞ்சில் அழுத்தம், ஒரு பக்கக் கை கால் மரத்தல், திடீரென நாக் குழறல் ஆகியவை தோன்றினால், இந்த டூட்டி முடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அந்த ஒரு மணி நேரத்திலேயே மருத்துவமனை சேரவேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு சொல். இரவு டூட்டி முடித்து வந்தவர் பகலில் உறங்கும்போது, விருந்தினர் வந்தாரென்றும் ரேஷன் கடைக்குப் போகவேண்டுமென்றும் எழுப்பாதீர்கள். ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணி கட்டுங்கள். அடுத்த வீட்டு ஒலிபெருக்கியை என் செய்வது என்று கேட்பீர்களாயின், அதற்கு நம்மிடம் விடையில்லை.

நமது சங்கமும் தன் பங்கிற்கு ஒன்று செய்தது. ஞாயிறு காலை பத்து மணி வகுப்பு மாலை நான்கு மணிக்கு மாற்றப்பட்டது. கூடத்தின் பின்புறம் இரண்டு பாய்களும் ஒரு போர்வையும் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே படுத்திருப்பவரை எவரும் எழுப்பவேண்டாம் என்று வாயிலில் எழுதி ஒட்டியிருக்கின்றோம். சென்ற ஞாயிறு அவ்விளைஞர் வந்திருந்தார். காவல் இரவுகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். குறைந்த பணத்திற்குத் தங்கை டியூஷன் எடுக்கின்றாராம். தம் குறிப்பேட்டைக் காட்டினார். அவ்வாரத்துக் கூட்டுத் தொகை 78. பாயில் படுக்கவில்லை, முன் வரிசையில் அமர்ந்தார். பாடம் நான்காம் தடையின் நடுவில் நிற்கின்றது. வரும் ஞாயிறு அங்கிருந்து தொடரும்.